துறைமுகத்திலேயே தீர்மானிக்கப்பட்ட மரணங்கள்

கடற்பயண வரலாறுகளை எழுதுவோர் பெரும்பாலும் நங்கூரம் தூக்கப்பட்ட நாளிலிருந்தே கதையைத் தொடங்குகின்றனர். புயல், பாறை, பெயர் தெரியாத தீவு, கடற்போர் என்று கதை விரிந்து செல்கிறது. கப்பல் துறையில் கட்டிநின்ற மாதங்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கப்பட்டால் அதுவே அதிகம். பதினெட்டாம் நூற்றாண்டின் நெடும் பயணங்களைப் பற்றி வாசிக்க வாசிக்க, பெரும்பாலான மாலுமிகளின் தலைவிதி அந்த ஒரு பத்திக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது என்ற எண்ணம் என்னுள் வலுப்பட்டு வந்திருக்கிறது. எவரை ஏற்றினார்கள், எதை ஏற்றினார்கள், எந்த மாதத்தில் அனுப்பினார்கள் என்பவற்றைத் தீர்மானித்த கனவான்களில் அநேகர் கடலுக்குப் போகவேயில்லை.

முதலில் ஜோர்ஜ் அன்சனின் பயணத்தை எடுத்துக்கொள்வோம். 1739 இல் பிரித்தானியாவுக்கும் ஸ்பெயினுக்கும் இடையில் போர் மூண்டது. ஜென்கின்ஸ் என்ற கப்பற் தலைவரின் காதை ஸ்பானியக் கரையோரக் காவலர் அறுத்தனர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. காது அறுபட்டது அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னர். போருக்குக் காரணம் தேடுவோர் பழைய காதுகளையும் தேடி எடுப்பர். தென்னமெரிக்காவின் தென்கோடியான ஹோர்ன் முனையைச் சுற்றிச் சென்று, பசுபிக் கரையில் ஸ்பெயினின் உடைமைகளைத் தாக்குவதே அன்சனுக்கு இடப்பட்ட பணி. ஆறு போர்க்கப்பல்கள், இரண்டு பண்டக் கப்பல்கள், ஏறத்தாழ 1,900 பேர்.

அவருக்கான கட்டளை ஜனவரி மாத இறுதியில் எழுதப்பட்டது. அது அவரது கைக்குக் கிடைத்ததோ ஜூன் மாத இறுதியில். அப்போது அவருக்கு 300 மாலுமிகள் குறைவாக இருந்தனர். கெஞ்சிக் கேட்டு அவர் பெற்றது 170 பேரை. அவர்களில் 32 பேர் வைத்தியசாலைக் கட்டில்களிலிருந்து நேரடியாக அனுப்பப்பட்டவர்கள்.

தரைப்படையினர் விடயத்தில் நடந்ததை வரலாற்றில் வேறெங்கும் நான் வாசித்ததில்லை. ஒரு படைப்பிரிவு தருவதாக முதலில் வாக்களித்தார்கள். பின்னர் அதற்குப் பதிலாக, செல்சீ வைத்தியசாலையின் கொடுப்பனவில் வாழ்ந்த 500 முதிய படைவீரர்களை அனுப்ப முடிவு செய்தார்கள். வயதினாலோ காயத்தினாலோ நோயினாலோ படைச் சேவைக்குத் தகுதியற்றவர்கள் என்று அரசாங்கமே எழுதிக்கொடுத்து ஓய்வு அளித்தவர்கள் இவர்கள். அன்சன் மறுத்துப் பேசினார். கடற்படைத் தலைமைப் பொறுப்பிலிருந்த சேர் சார்ள்ஸ் வேஜரும் அவர் பக்கமே பேசினார். அவர்கள் இருவரையும் விடப் படைவீரர்களை நன்கு அறிந்தவர்கள் இம்முதியவர்களே இப்பயணத்துக்கு ஏற்றவர்கள் எனக் கருதுவதாகப் பதில் வந்தது. அலுவலக மொழிக்கு மூன்று நூற்றாண்டுகளில் பெரிய மாற்றம் எதுவும் ஏற்பட்டுவிடவில்லை.

500 பேரில் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள் 259 பேர் மட்டுமே. நகரை விட்டு நடந்து செல்லக் காலில் வலு இருந்த அனைவரும் ஓடிவிட்டனர். ஓட முடியாதவர்களே எஞ்சினர். அவர்களில் பெரும்பாலானோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். சிலர் எழுபதையும் கடந்தவர்கள். ஓடியவர்களின் இடத்தை நிரப்ப 210 இளம் கடற்படைச் சிப்பாய்கள் அனுப்பப்பட்டனர். புதிதாகச் சேர்க்கப்பட்ட அவர்களில் பெரும்பாலானோருக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சிகூட அதுவரை அளிக்கப்பட்டிருக்கவில்லை.

இத்தனையும் முடிந்து 1740 செப்டெம்பர் 18 ஆம் திகதிதான் கப்பல்கள் புறப்பட்டன. இத்தாமதத்தின் விலை இரண்டு. இரகசியமாக இருக்க வேண்டிய திட்டம் ஸ்பெயினுக்குத் தெரிந்து, எதிர்ப்படை ஒன்று கடலில் இறங்கிவிட்டது. ஹோர்ன் முனையை அடைந்த காலமோ 1741 மார்ச் மாதம். தென்பாதிக் கோளத்தில் கோடை முடிந்து புயற்காலம் தொடங்கும் வேளை. மூன்று மாதங்கள் முன்னதாகப் புறப்பட்டிருந்தால் அந்தப் புயல்களில் ஒரு பகுதியையேனும் தவிர்த்திருக்கலாம்.

புயலை விடக் கொடியது கப்பலுக்குள் இருந்தது. ஸ்கர்வி நோய் இன்று நமது பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் வரும் ஒரு சொல் மட்டுமே. உயிர்ச்சத்து சீ இல்லாத உணவை இரண்டு மூன்று மாதங்கள் உண்டால் உடலிலுள்ள இருப்புத் தீர்ந்துவிடும். உடலின் இழையங்களைக் கட்டிவைத்திருக்கும் புரதத்தை உற்பத்தி செய்ய இச்சத்து வேண்டும். அது இல்லாதபோது முரசு வீங்கி அழுகும், பற்கள் ஆடும், தோலின் கீழ் இரத்தம் கசியும், நடக்க முயன்றவன் விழுந்து இறப்பான். ஆறிய தழும்புகளும்கூட அந்தப் புரதத்தினாலேயே மூடியிருக்கின்றன. அன்சனின் பயண நூலில் ஒரு குறிப்பு உண்டு. கப்பலிலிருந்த முதியவர் ஒருவர் 1690 இல் அயர்லாந்தின் பொய்ன் ஆற்றங்கரைப் போரில் காயமுற்றவர். அக்காயம் ஆறி ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன. ஸ்கர்வி கண்டதும் அது என்றுமே ஆறாதது போல மீண்டும் பிளந்துகொண்டது. இளமையில் அரசருக்காகப் பட்ட காயத்தை முதுமையில் அரசாங்கம் மீண்டும் ஒருமுறை திறந்துவிட்டது.

கப்பலிலிருந்த மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்காலத்தில் இலண்டனில் பெயர்பெற்றிருந்த வார்ட் என்பவரின் குளிகைகளை அன்சன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். வாந்தியையும் பேதியையும் ஒருங்கே உண்டாக்கும் நச்சுலோகச் சேர்க்கை அது. ஏற்கனவே செத்துக்கொண்டிருந்தவர்களை அது என்ன செய்திருக்கும் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

ஜுவான் பெர்னாண்டஸ் தீவை மூன்று போர்க்கப்பல்கள் அடைந்தன. இங்கிலாந்தை விட்டுப் புறப்படும்போது அம்மூன்றிலும் 961 பேர் இருந்தனர். தீவில் எண்ணிப் பார்த்தபோது உயிருடன் எஞ்சியோர் 335. தலைமைக் கப்பலான ‘சென்ரூரியன்’இல் ஏற்றப்பட்ட 50 முதியவர்களில் நால்வர் எஞ்சினர். ‘குளொஸ்டர்’ கப்பலில் ஏற்றப்பட்ட முதியவர்களில் ஒருவரும் இல்லை.

ஆனால் இந்தப் பயணம் தோல்வியாகக் கணிக்கப்படவில்லை. 1743 ஜூன் மாதம் பிலிப்பைன்ஸ் கடலில் ஸ்பானியக் கருவூலக் கப்பல் ஒன்றை அன்சன் கைப்பற்றினார். பதின்மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளி நாணயங்கள் அதில் இருந்தன. 1744 இல் அந்தச் செல்வம் 32 வண்டிகளில் இலண்டன் தெருக்களினூடாக ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டது. புறப்பட்ட ஏறத்தாழ 1,900 பேரில் ‘சென்ரூரியன்’இல் திரும்பி வந்தோர் 188 பேர். பகைவரின் குண்டுக்கு இரையானோர் ஒருசிலரே. அன்சன் பிரபுவாக்கப்பட்டு, 1751 இல் கடற்படையின் தலைமைப் பொறுப்புக்கே உயர்ந்தார்.

ஜேம்ஸ் லிண்ட் என்ற கடற்படைச் சத்திரசிகிச்சையாளர் 1753 இல் ஸ்கர்வி பற்றிய தமது நூலை வெளியிட்டபோது அதனை அன்சனுக்கே காணிக்கையாக்கினார். 1747 மே மாதம் ‘சொல்ஸ்பரி’ என்ற கப்பலில் அவர் நடத்திய பரிசோதனை மருத்துவ வரலாற்றில் புகழ்பெற்றது. பன்னிரண்டு நோயாளிகளை இருவர் இருவராக ஆறு பிரிவாக்கினார். அப்பிள் மது, கந்தக அமிலம் கலந்த கரைசல், வினாகிரி, கடல்நீர், பூண்டும் கடுகும் சேர்த்த பசை என்பன ஐந்து பிரிவினருக்கு. ஆறாவது இணைக்கு நாள்தோறும் இரண்டு தோடம்பழமும் ஓர் எலுமிச்சையும். ஆறு நாட்களில் பழம் தீர்ந்துவிட்டது. அதற்குள் அவ்விருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பத் தயாராகிவிட்டார்.

இத்துடன் பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணுவோம். தீரவில்லை. பழச்சாறு கெடாமலிருக்க அதனைச் சூடாக்கிப் பாகாக வற்றவைக்குமாறு லிண்டே ஆலோசனை கூறினார். நோயைத் தீர்க்கும் பொருளை அந்தச் சூடே அழித்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது இருபதாம் நூற்றாண்டில். அதற்காக ஹங்கேரிய விஞ்ஞானி சென்ற் ஜியோர்ஜி நோபல் பரிசு பெற்றது 1937 இல்.

இனி ஜேம்ஸ் குக்கின் ‘எண்டெவர்’ கப்பலுக்கு வருவோம். ஆயத்தம் என்ற சொல்லுக்கு அக்காலத்தில் கிடைக்கக்கூடிய சிறந்த எடுத்துக்காட்டு அது. 1769 ஜூன் 3 ஆம் திகதி வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடக்கவிருந்தது. அதனைத் தென்கடலில் இருந்து அவதானிக்க றோயல் சொசைட்டி விரும்பியது. அக்கோள் நமது கடற்படை அலுவலகங்களைப் போல நாள் தள்ளிவைக்காது. ஆகையால் இம்முறை தாமதத்துக்கு இடமிருக்கவில்லை.

கடற்படை தெரிவு செய்தது ஒரு போர்க்கப்பலை அன்று. விற்பி என்ற சிறு துறைமுகத்தில் 1764 இல் கட்டப்பட்ட, நிலக்கரி ஏற்றும் கப்பல். ஏறத்தாழ 2,800 பவுணுக்கு 1768 மார்ச் மாதம் வாங்கப்பட்டது. தட்டையான அடி, அகன்ற வயிறு. அழகில்லை, வேகமில்லை, ஆனால் ஆழமற்ற கடலில் கரைதட்டி நிறுத்தலாம், ஓராண்டுக்கும் மேற்பட்ட உணவை உள்ளே அடக்கலாம். குக் அத்தகைய நிலக்கரிக் கப்பல்களிலேயே தொழில் பயின்றவர். டெப்ட்போர்ட் கப்பல்துறையில் அதன் அடிப்பாகத்துக்கு மற்றுமொரு பலகைப் படையைப் போர்த்தி, அகன்ற தலையுள்ள ஆணிகளை நெருக்கமாக அறைந்தனர். வெப்பக் கடல்களில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழுவுக்கு எதிரான காப்பு அது.

ஏற்றப்பட்ட பொருட்களின் பட்டியல் நமக்குக் கிடைக்கிறது. பொதி பொதியாக 21,226 இறாத்தல் பிஸ்கட்; பீப்பாய்களில் மேலும் 13,440 இறாத்தல். உப்பிட்ட மாட்டிறைச்சி 4,000 துண்டுகள், பன்றியிறைச்சி 6,000 துண்டுகள். உலர்ந்த முந்திரிகை 2,500 இறாத்தல். பட்டாணி 187 புசல். வினாகிரி 500 கலன். பியர் 1,200 கலன். சாராய வகை 1,600 கலன். கடுகு 160 இறாத்தல். இவற்றோடு முளைதானியம் 40 புசல். புளிக்கவைத்த கோவா 7,860 இறாத்தல். புறப்பட்டபோது கப்பலிலிருந்த 94 பேருக்கும் பகிர்ந்தால் தலைக்கு ஏறத்தாழ 84 இறாத்தல்.

இறாத்தல், கலன், புசல் என்று எழுதும்போது, நமது கூட்டுறவுச் சங்கக் கடைகளின் பழைய கணக்குப் புத்தகம் ஒன்றைப் பார்ப்பது போலவே இருக்கிறது. யாரோ ஓர் எழுதுவினைஞர் உட்கார்ந்து கூட்டிக் கழித்த கணக்கு. ஆனால் அதில் அன்சனின் காலத்தில் இல்லாத ஒன்று உண்டு: மனிதன் உயிரோடு திரும்பி வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு.

சமையற்காரர் விடயத்தில் மட்டும் பழைய பழக்கம் மாறவில்லை. முதலில் நியமிக்கப்பட்டவர் நடக்க இயலாதவர் எனக் குக் முறையிட்டார். அவரை மாற்றி அனுப்பப்பட்ட ஜோன் தொம்சனுக்கு வலது கை இல்லை. குக் மீண்டும் முறையிட்டார். இம்முறை கடற்படைச் சபை அசையவில்லை. ஒற்றைக் கையாலேயே அம்மனிதர் 94 பேருக்குச் சமைத்தார்.

பால் தேவைக்காக ஓர் ஆடும் ஏற்றப்பட்டது. அது சாதாரண ஆடு அன்று. 1766 முதல் 1768 வரை ‘டொல்பின்’ என்ற கப்பலில் ஏற்கனவே உலகை ஒருமுறை சுற்றி வந்த அனுபவசாலி. கப்பலிலிருந்த பல அதிகாரிகளுக்கும் இல்லாத தகைமை அது.

அதே ‘டொல்பின்’ கொண்டுவந்த தகவலின் பேரிலேயே தாஹிற்றித் தீவு அவதானிப்பிடமாகத் தெரிவு செய்யப்பட்டது. அங்கே இரும்பு மிக அரியது என்ற செய்தியும் வந்திருந்தது. ‘டொல்பின்’ மாலுமிகள் தீவுப் பெண்களின் உறவுக்கு விலையாகக் கப்பலின் ஆணிகளைப் பிடுங்கிக் கொடுத்து, கப்பலே கழன்றுவிடும் நிலை ஏற்பட்டதாம். ஆகவே ‘எண்டெவர்’இல் ஆணிகளும் கண்ணாடிகளும் மணிகளும் பண்டமாற்றுக்கென்றே தனியாக ஏற்றப்பட்டன.

செல்வந்தரான இளைஞர் ஜோசப் பாங்க்ஸ் தமது சொந்தச் செலவில் தாவரவியலாளர், ஓவியர், பணியாளர் என எண்மரையும் இரண்டு நாய்களையும் அழைத்துக்கொண்டு ஏறினார். அவரது குழுவுக்கும் பெட்டிகளுக்கும் இடம் கொடுக்கவே கப்பல் திணறியது. (இவரது பெயர் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. கொழும்பு கொம்பனித்தெருவில் இன்றும் கியூ வீதி என ஒரு வீதி உண்டு. 1810 இல் பாங்க்ஸின் ஆலோசனையின் பேரில் அங்கே தொடங்கப்பட்ட தாவரவியற் தோட்டத்தின் எச்சம் அப்பெயர். தோட்டம் பின்னர் களுத்துறைக்கும், 1821 இல் பேராதனைக்கும் இடம்பெயர்ந்தது.)

குக் தமது வீட்டில் செய்த ஆயத்தமும் குறிப்பிடத்தக்கது. பள்ளிக்கூடம் போகும் வயதுகூட வராத தமது இரு புதல்வர்களின் பெயர்களைக் கப்பலின் ஆட்பதிவேட்டில் அவர் சேர்த்திருந்தார். பிள்ளைகள் வீட்டில் விளையாடிக்கொண்டிருக்க, அவர்களின் கடற்சேவைக் காலம் ஏட்டில் கூடிக்கொண்டே போனது. நேர்மைக்குப் பெயர்போன ஒருவர் செய்த இந்தச் சிறு மோசடியை வரலாற்றாசிரியர்கள் புன்னகையுடன் கடந்துவிடுகின்றனர். அவரது மனைவி எலிசபெத் அப்போது நான்காவது பிள்ளையைச் சுமந்திருந்தார். 1768 ஓகஸ்ட் 26 ஆம் திகதி பிளிமத் துறைமுகத்திலிருந்து கப்பல் புறப்பட்டது. சில நாட்களில் அக்குழந்தை பிறந்து, சில நாட்களில் இறந்தது. குக் அதனை அறிந்தது மூன்று ஆண்டுகளின் பின்னர். அவரது ஒரே மகளும் அவர் வீடு திரும்புவதற்குச் சில மாதங்களுக்கு முன் இறந்திருந்தாள். கடற்படையின் பண்டகசாலைப் பட்டியலில் இவற்றுக்கு நிரல் இல்லை.

பயணம் தொடங்கி மூன்று வாரங்களில் மடெய்ராத் தீவில் குக் ஒருவருக்கு 20 இறாத்தலுக்குக் குறையாமல் வெங்காயம் வழங்கினார். புதிய இறைச்சியை உண்ண மறுத்த இருவருக்குத் தலா 12 கசையடி. புளித்த கோவாவுக்கு மட்டும் அவர் வேறு வழியைக் கையாண்டார். அதனை நாள்தோறும் அதிகாரிகளின் மேசையில் வைத்து, மாலுமிகள் விரும்பினால் உண்ணலாம், விரும்பாவிட்டால் விடலாம் என்றார். ஒரு வாரத்துக்குள் அனைவரும் கேட்டு வாங்கத் தொடங்கினர். பின்னர் அதற்கே பங்கீடு வைக்க வேண்டியதாயிற்று. மேலே இருப்பவர் உண்பதைப் பார்த்தே கீழே இருப்பவர் ஆசைப்படுவர் என்பதை அந்தப் பண்ணைத் தொழிலாளியின் மகன் நன்கு அறிந்திருந்தார்.

ஸ்கர்வியால் ஒருவர்கூட இறக்காமல் ‘எண்டெவர்’ பத்தாவியா வரை வந்தது. அங்கே மலேரியாவும் வயிற்றோட்டமும் தாக்கின. அந்தத் துறையிலும், அதன் பின்னர் ஆபிரிக்க முனையை நோக்கிய வழியிலுமாக முப்பது பேரளவில் மாண்டனர். அந்நோய்களுக்கான பொருள் எதுவும் பட்டியலில் இருக்கவில்லை.

குக்கின் வெற்றியைப் பற்றி எழுதுவோர் பலர் தவிர்த்துவிடும் ஒரு விடயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் முளைதானியக் கசாயத்தை மிகவும் நம்பினார். அதில் உயிர்ச்சத்து சீ கிட்டத்தட்ட இல்லை. உண்மையில் அவரைக் காப்பாற்றியவை கோவாவும், இறங்கிய கரைகளிலெல்லாம் பறித்துச் சமைத்த கீரைகளும், இடைவிடாது தேடி வாங்கிய புதிய உணவுமே. 1769 ஏப்ரலில் பாங்க்ஸின் முரசு வீங்கியபோது, மருத்துவர் ஹியூம் கொடுத்தனுப்பிய எலுமிச்சைச் சாற்றை அவர் குடித்தார். ஒரு வாரத்துக்குள் முரசு உறுதியாயிற்று. அது அவரது நாட்குறிப்பில் இருக்கிறது. ஆயினும் 1776 இல் றோயல் சொசைட்டி கொப்லி பதக்கம் வழங்கிய குக்கின் கட்டுரை, கசாயத்தையே போற்றியது. எலுமிச்சைப் பாகு விலை கூடியது, பெரிதும் அவசியமில்லாதது என்றது. உலகின் தலைசிறந்த கடலோடி சொன்னதை எவர் மறுப்பார்? அடுத்துவந்த போரில் பிரித்தானியக் கடற்படை அந்நம்பிக்கையுடனேயே கடலுக்குச் சென்றது. 1780 இல் சில வாரக் கடற்காவலின் பின் கால்வாய்க் கடற்படைப் பிரிவு 2,400 ஸ்கர்வி நோயாளிகளுடன் துறைக்குத் திரும்பியது. லிண்ட் நூலெழுதி அப்போது 27 ஆண்டுகள். நல்ல மனிதரின் தவறான சாட்சியம் கெட்ட மனிதரின் பொய்யை விட அதிக காலம் வாழ்கிறது என்பது பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிய செய்தியன்று.

இறுதியில் வழக்கைத் தீர்த்தது இந்து சமுத்திரத்துக்கு வந்த ஒரு கப்பல். 1794 இல் 74 பீரங்கிகள் கொண்ட ‘சபோக்’ கப்பல், பீற்றர் ரெய்னியரின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து சென்னைக்குப் புறப்பட்டது. 23 வாரங்கள் எந்தக் கரையையும் தொடாத பயணம். ஒவ்வொரு மாலுமிக்கும் நாள்தோறும் சாராயக் கலவையுடன், காய்ச்சப்படாத எலுமிச்சைச் சாறும் சீனியும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. அன்சனின் கணக்குப்படி பார்த்தால் பாதிப்பேர் கடலில் எறியப்பட்டிருக்க வேண்டும். செப்டெம்பரில் கப்பல் சென்னையை அடைந்தபோது ஸ்கர்வியால் ஒருவர்கூட இறந்திருக்கவில்லை. ஆங்காங்கே தலைகாட்டிய நோயும் சாற்றின் அளவைக் கூட்டியதும் மறைந்தது. மறு ஆண்டு, கில்பேர்ட் பிளேன் என்ற மருத்துவரின் வற்புறுத்தலின் பேரில், எலுமிச்சைச் சாறு கடற்படையின் வழக்கமான பங்கீடாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அந்த மறு ஆண்டு 1795. பல்கலைக்கழகத்தில் நாம் படித்த வரலாற்றில் அவ்வாண்டுக்குரிய பாடம், ஒல்லாந்து இளவரசர் கியூ மாளிகையிலிருந்து எழுதிய கடிதமும் இலங்கையின் ஒல்லாந்தக் கோட்டைகள் ஆங்கிலேயரிடம் வீழ்ந்ததும்தான். எந்தக் கப்பலில் வந்தார்கள், அதிலிருந்தவர்கள் எப்படி நிற்கும் நிலையில் இருந்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. ஜூலை மாதம் கேணல் ஸ்டுவர்ட்டின் படையினரை ஏற்றிய கப்பல்களுடன் சென்னையிலிருந்து புறப்பட்டு, ஓகஸ்ட் முதலாம் திகதி திருகோணமலையில் நங்கூரமிட்டது அதே ரெய்னியரின் அதே ‘சபோக்’. துணைக்கு வந்த ‘டயமீட்’ குடாவில் நீரின் கீழிருந்த பாறையில் மோதி மூழ்கியது. கோட்டை 26 ஆம் திகதி சரணடைந்தது. அடுத்த பெப்ரவரியில் கொழும்பும்.

‘சபோக்’ உடன் சென்னையிலிருந்தே கூட வந்த மற்றப் போர்க்கப்பலின் பெயர் ‘சென்ரூரியன்’. அன்சனின் கப்பல் அன்று. அது உடைக்கப்பட்ட பின்னர், 1774 இல் அதே பெயரிட்டு நீரில் இறக்கப்பட்ட, ஐம்பது பீரங்கிகள் கொண்ட வேறொரு கப்பல்.